பெற்றோர் உண்ட நஞ்சும் பிள்ளைகள் நுகரும் வினையும்

தந்தை தாயர் செய்த செயலின் பயன் அவர்தம் மக்களைச் சாருமோ சாராதோ என்னும் வினா மிகப் பழமையானது. பல சமயத்தாரும் பல காலும் எழுப்பி வந்தது. குடியிற் கிடந்தானொருவனுக்குப் பிறந்த மகவு உடற்குறையோடேனும் அறிவுக்குறையோடேனும் காணப்படுமாயின், கண்டார் உடனே இரண்டிலொன்று கூறுவர். தகப்பன் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்பார் ஒரு சாரார். அவ்வுயிர் முன்செய்த வினை அது, தகப்பன் என் செய்வான் என்பார் மற்றொரு சாரார். முன்னையோர் கூற்று, குற்றமற்ற குழந்தையைக் குற்றத்தின் அடையாளமாக்குகின்றது. பின்னையோர் கூற்று, குற்றமுடையானை அக்குற்றத்தினின்றும் விடுவிக்கின்றது. இரண்டும் உலகவழக்கில் எளிதாக வழங்குவன. இரண்டும் ஆராயப்படாமலே வழங்குவன.

இவ்வினாவைச் சொல்லளவில் வைத்து வாதிடுதலோடு நில்லாது, செயலளவில் ஆராய்தற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய வாயில் திறந்தது. எலி, சுண்டெலி, கினிப்பன்றி முதலாய கொறிக்கும் உயிர்களுக்கு மதுசாரம், கஞ்சாச் சத்து, கொக்கேயின் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றின் குட்டிகளும் அக்குட்டிகளின் குட்டிகளும் எங்ஙனம் வளர்கின்றன என்று மேனாட்டு ஆராய்ச்சியாளர் நோக்கி வந்தனர். அவ்வாராய்ச்சிகள் மருத்துவத்தின் பொருட்டு நிகழ்ந்தன. ஆயினும் அவை காட்டும் உண்மைகள் மேற்கூறிய அறவினாவைத் தெளிவாக்குதற்கும் பெரிதும் உதவுவனவாம். அவ்வுண்மைகள் இவையென்பதும், அவற்றால் துணியப்படுவது இதுவென்பதும் ஈண்டு முறையே கூறப்படும்.

நியூயார்க் நகரத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில், சார்ல்ஸ் ஸ்டாக்கார்டு என்பார் 1910ஆம் ஆண்டையொட்டிக் கினிப்பன்றிகளைக்கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மதுசாரத்தை வயிற்றுவழி ஊட்டின் அவ்வுயிர்களின் செரிமானம் கெடுதலின், அதன் ஆவியை முகரச் செய்தார். அங்ஙனம் முகர்ந்த ஆண்விலங்குகள் மதுவறியாத பெண்விலங்குகளோடு கூடியவிடத்தும், கருத்தங்காமையும், குட்டிகள் இறந்தே பிறத்தலும், பிறந்தவை விரைவில் மடிதலும் மிகுதியாக நிகழ்ந்தன என்று 1912 முதல் அவர் எழுதிவந்தார். தந்தையின் குடி வித்தையே கெடுக்கும் என்னுங் கொள்கைக்கு இஃது ஆதரவாகக் கொள்ளப்பட்டது. ஆனால் பல தலைமுறை கழிந்தபின் எஞ்சிநின்ற வழித்தோன்றல்கள் குறைவின்றி வலிமையோடு விளங்கியதையும் அவரே கண்டார். மெலிந்த கருக்கள் முன்னரே அழிந்தமையின் வலியனவே எஞ்சின என்று அதற்கு அமைதி கூறப்பட்டது. மற்றொருபால், 1910இல் இலண்டனில் எதெல் எல்டர்டன், கார்ல் பியர்சன் என்னும் இருவர், எடின்பரோ, மான்செஸ்டர் நகரங்களின் பள்ளிச்சிறாரைப் பற்றிய கணக்குகளை ஆராய்ந்தனர். குடிக்கும் பெற்றோரின் மக்களுக்கும் குடியாத பெற்றோரின் மக்களுக்கும் உடல்நலத்திலும் அறிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று அவர் வெளியிட, அதன்மேற் பெருவாதம் எழுந்தது.

இங்ஙனம் அறிஞரிடையே துணிபு ஏற்படாத நிலையிலேயே அரசியலார் துணிந்துவிட்டனர். ஜெர்மனியில் 1933ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாஜி அரசு பிறப்பித்த சட்டம் ஒன்று, மரபுநோயுடையாரெனக் கருதப்பட்டாரைக் கட்டாயமாக மலடாக்குதற்கு வழிசெய்தது. கடுங்குடிக்கு ஆட்பட்டாரையும் அங்ஙனம் மலடாக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. பெற்றோர் செயல் பிள்ளைகளைச் சாரும் முறையைப் பிழைபட உணர்தல் ஏட்டளவிற் கிடக்கும் பிழையன்று. மக்கள் உடலிற் கத்தியாகப் பாயவல்லது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாம். ஆகலின், இப்பொருளை நிதானத்தோடு ஆராய்தல் இன்றியமையாதது.

இனி, தாய்வழி வருங்கேட்டினைப் பற்றிய உண்மை பிற்காலத்தில் நன்கு தெளிவுற்றது. 1968இல் பிரான்சு நாட்டு நாண்ட் நகரத்தில் பால் லெமுவான் என்பாரும் அவரோடு உழைத்தோரும், குடிக்கு ஆட்பட்ட பெற்றோரின் மக்கள் 127 பேரை ஆராய்ந்து அவர்தங் குறைகளைத் தொகுத்துரைத்தனர். 1973இல் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்து மருத்துவர் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் அத்தகைய குறைகளின் தொகுதிக்குத் தனிப்பெயர் வழங்கினர். ஆயினும், அக்குறைகள் மதுவினாலேயே வந்தனவோ, வறுமையாலும் ஊட்டக்குறைவாலும் வந்தனவோ என்னும் ஐயம் எஞ்சியே இருந்தது.

அவ்வையத்தை நீக்க உதவியவை சுண்டெலிகள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் காத்லீன் சூலிக் என்பாரும் அவர் குழுவினரும், கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஏழாம் நாளில் மட்டும் மதுசாரத்தை இருமுறை செலுத்தினர். வயிற்றிலிருந்த கருக்களின் முகம், சிறுத்த கண்ணும் மேலுதட்டின் நடுக்குழிவு இன்மையுமாய், மிகக்குடித்த தாய்மாரின் மகவுகளது முகத்தையே ஒத்திருந்தது. இது 1981இல் வெளியாயிற்று. சுண்டெலியின் கருக்காலம் ஏறக்குறைய இருபது நாள். அதன் ஏழாம் நாள் மக்கட்கருவின் மூன்றாம் வாரத்தை ஒப்பது. மூன்றாம் வாரத்திற் பெரும்பாலான மகளிர் தாம் கருவுற்றதனையே அறியார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனி, அமெரிக்க நாட்டு அறிஞர் சிலர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். மக்கட்குழவி தாய்வயிற்றில் இறுதி மூன்று திங்களில் அடையும் மூளைவளர்ச்சியை எலிக்குட்டி பிறந்த பின்னரே அடைகின்றது. ஏழுநாட் குட்டிகளுக்கு மதுசாரம் செலுத்தியபோது, அவற்றின் மூளையில் நரம்பணுக்கள் பெருந்தொகையாக மடிந்தன. ஒரே பொருள் ஒரு காலத்தில் முகத்தைச் சிதைக்கின்றது. மற்றொரு காலத்தில் முகத்தைத் தொடாது மூளையைச் சிதைக்கின்றது. ஆகவே, கேட்டின் வடிவை வரையறுப்பன பொருளும் அளவும் காலமுமே என்பது பெறப்படும்.

தந்தைவழியோ இதனினும் நுண்ணியது. தந்தையின் குருதி கருவோடு கலப்பதில்லை. அவன் அளிப்பது ஒரு விந்தணுவே. அவ்வணுவிற் பொதிந்த டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் அமைப்பு மாறாதிருப்பினும், அதனோடு பிணைந்துள்ள ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேற் படியும் வேதியற்குறிகள் மாறுதல் கூடும். எம்மரபணு எவ்வளவு தொழிற்படும் என்பதை அக்குறிகள் ஒருபகுதி வரையறுக்கின்றன. சுவடியில் எழுத்து ஒன்றும் மாறாதிருக்க, எவ்வேடு விரிக்கப்படும், எவ்வேடு கட்டிவைக்கப்படும் என்பது மட்டும் மாறுதல் போல்வது இது.

2013ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. ஆண் எலிகள் அறுபது நாள் தாமே கருவியை இயக்கிக் கொக்கேயின் பெறுமாறு விடப்பட்டன. பின்னர் அவை போதையறியாத பெண் எலிகளோடு சேர்க்கப்பட்டன. தந்தையர் பழகியதனை மைந்தரும் விரும்புவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ மறுதலை. ஆண்மக்கள் கொக்கேயினை மந்தமாகவே பழகின, குறைவாகவே நாடின. பெண்மக்களிடத்து அவ்வேறுபாடு காணப்படவில்லை. மைந்தரின் மூளை முற்பகுதியில் நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம் மிக்கிருந்தது. தந்தையரின் விந்தணுவில் அப்புரதத்துக்குரிய மரபணுவைச் சார்ந்த குறிகளும் மாறியிருந்தன. இனி, இதனைத் தந்தையின் தீச்செயலால் மைந்தர்க்கு விளைந்த நன்மை என்று கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. 2017இல் வெளியான ஆராய்ச்சியில், அங்ஙனம் கொக்கேயினுக்குப் பழகிய தந்தையரின் ஆண்மக்கள், பொருள்கள் இருந்த இடத்தை நினைவிற் கொள்ளுந் திறத்திற் குறைந்திருத்தல் காணப்பட்டது.

பிற ஆராய்ச்சிகளும் இங்ஙனமே ஒருமுகப்படாதன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்டவாறு, ஐந்து வாரம் மதுவாவி முகர்ந்த ஆண் சுண்டெலிகளின் ஆண்மக்கள் மதுவைக் குறைவாகவே அருந்தின. அதே ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சைனாய் மருத்துவப்பள்ளியார், இளம்பருவத்திற் கஞ்சாச் சத்துப் பெற்றுப் பின் அதனை விட்டு வளர்ந்தபின் கூடிய எலிகளின் குட்டிகள், தாம் கஞ்சாவை ஒருபோதும் அறியாதிருந்தும், ஹெராயின் பெறுதற்கு மிகுதியாக முயன்றன என்று கண்டனர். ஒன்றில் நாட்டம் குறைகின்றது. மற்றொன்றில் நாட்டம் மிகுகின்றது. பொருள்தோறும், பருவந்தோறும், ஆண் பெண் என்னும் பால்தோறும் பயன் வேறுபடுகின்றது.

எலியிற் கண்டதெல்லாம் மனிதர்க்கும் ஒக்கும் என்று கொள்ளுதலும் பிழையாம். மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்னும் மருந்து, துயிலின்மைக்கும் கருவுற்றாரின் குமட்டலுக்கும் தீங்கற்ற மருந்தென வழங்கப்பட்டது. அதனால் உலகெங்கும் பதினாயிரத்தின் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. 1961 நவம்பரில் அந்நாட்டில் அது விலக்கப்பட்டது. அம்மருந்து எலிக்கும் சுண்டெலிக்கும் அத்தகைய உறுப்புக்குறையைச் செய்வதில்லை, முயலுக்குச் செய்யும். ஆகலின், எலி தரும் சான்றை மனிதரிடத்துப் பொருத்துமுன் மனிதரையும் நோக்கல் வேண்டும்.

நிற்க. இத்துணை உண்மைகளாலும் அறவினாவுக்குக் கிடைக்கும் விடை யாதெனின், முதலாவது, தீங்கு வேறு, குற்றம் வேறு என்பது. சுண்டெலித் தாய் மதுவை வேண்டவில்லை. மனிதர் கையால் அது செலுத்தப்பட்டது. நன்று தீது என்னும் ஆராய்ச்சியும் அதற்கு இல்லை. அத்தாயிடத்துப் பாவமென்று சொல்லத்தக்கது ஒரு துளியும் இல்லை. இருந்தும், அதன் குட்டியின் முகம் சிதைந்தது. ஆகவே, குட்டியின் சிதைவு தாயின் பாவத்துக்குக் கூலி அன்றென்பது ஐயத்துக்கு இடமின்றிப் புலனாகின்றது. மனிதரிடத்தும் இஃதொக்கும். மருத்துவர் கூறியதை நம்பித் தாலிடமைடு உண்ட தாய் எக்குற்றமும் செய்திலள். அவள் மகவு உறுப்புக் குறைந்தது. அறிந்தே மிகக்குடித்த தாயர் சிலரின் மகவுகளோ, குறையேதும் புலப்படாமற் பிறந்து வளர்தலும் உண்டு. இயற்கை நஞ்சினை அளந்து நோக்குகின்றது, நெஞ்சினை நோக்குவதில்லை. நெஞ்சினை நோக்குவது அறநூல். ஒன்றன் தீர்ப்பை மற்றொன்றன் தீர்ப்பாகப் படித்தல் கூடாது. குழந்தையின் உடம்பு பெற்றோரின்மீது எழுதப்பட்ட தீர்ப்போலை அன்று.

இரண்டாவது, பெற்றோரிடமிருந்து செல்வது செயலன்று, கருவியின் நிலையே. கொக்கேயினை நாடிய தந்தைக்குக் கொக்கேயினை நாடாத மைந்தன் பிறந்தமை இதனை விளக்கும். தந்தையின் பாவமே மைந்தனிடம் சென்றிருப்பின், மைந்தனும் அந்நாட்டமே உடையனாதல் வேண்டும். சென்றது, மூளையில் ஒரு புரதம் மிகுதலும் ஒரு திறம் குறைதலுமாகிய உடற்செய்தி மட்டுமே. ஆகவே, குடிகாரன் மகன் குடிகாரனே ஆவான் என்னும் ஊர்ச்சொல் அறத்தினாற் பிழைபடுதலேயன்றி, எலியளவிற்கூட மெய்யாகாதாயிற்று.

ஈண்டுச் சைவநூற் பயிற்சியுடையார் ஒரு தடை நிகழ்த்தலாம். பெற்றோர் உட்கொண்டது பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கும் என்பது உண்மையாயின், அவரவர் வினையை அவரவரே நுகர்வர் என்னும் சித்தாந்தம் என்னாகும்? ஒருவர் செய்ய மற்றொருவர் நுகர்தலாய் முடியாதோ? எனின், முடியாது. உயிரைப் பெற்றோர் படைப்பதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என நான்காகக் கூறப்படுவனவற்றுள், அவர் வாயிலாக வருவது தனுவாகிய உடம்பும் அதனைப் பற்றிநிற்கும் கருவிகளின் நிலையுமேயாம். பிராரத்தம் நுகர்ச்சிக்கு வரும் வழிகளை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாக நூல்கள் வகுத்தமையும் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது. வினை வெறுவெளியில் வந்து பொருந்துவதில்லை. ஏதேனும் ஒரு வாயில்பற்றியே வரும். அவ்வாயில் பிற உயிராதலும் உண்டு, சடப்பொருளாதலும் உண்டு. மதுசாரம் எந்நாளில் எவ்வணுவைத் தாக்கும் என்று ஆராய்ச்சியாளர் காட்டுவது அவ்வாயிலின் இயல்பையே. வாயிலின் இயல்பை அறிதலால் வினை இல்லையென்று ஆகாது. வினை உண்டென்பதனால் வாயில் பொய்யென்றும் ஆகாது.

அங்ஙனமாயின், பெற்றோர் வெறும் வாயிலே ஆதலின் அவர்மேற் குற்றமில்லையன்றோ என்று மற்றொரு தடை எழும். தொடக்கத்திற் கூறிய இரண்டாஞ் சாராரின் கூற்று இதுவே. அற்றன்று. ஊருணியில் நஞ்சு கலந்தான் ஒருவன், தண்ணீர் குடித்து மாண்டார் தத்தம் வினையால் மாண்டார், யான் வாயிலே ஆயினேன் என்று கூறின், அதனை எவ்வறங்கூறவையம் ஏற்கும்? நுகர்ந்தவன் தன் வினையால் நுகர்ந்தான் என்பது, செய்தவன் செய்ததனை இல்லையாக்குவதில்லை. இடி விழுதற்கு அறிவில்லை. அதற்குக் குற்றமும் இல்லை. அறிவுடைய உயிர் வாயிலாகுமிடத்து, அவ்வுயிர் இப்பிறப்பில் அறிந்து செய்யும் செயல் அதற்கே ஆகாமியமாய் ஏறும். எனவே, பிள்ளையின் துன்பம் பிள்ளையின் நுகர்ச்சி. பெற்றோரின் செயல் பெற்றோரின் வினை. இரண்டு கணக்கும் ஒரே நிகழ்ச்சியிற் சந்திக்கலாம், ஒன்றையொன்று அழிப்பதில்லை.

அன்றியும், பிறன் ஒருவனது பழவினை இதுவென்று காணவல்லார் எவருமிலர். வினைக்கொள்கை, ஒருவன் தன்மேல் வந்த துன்பத்தைப் பிறரை நோவாது தாங்குதற்கும், தன் செயலைத் தானே காத்துக்கொள்ளுதற்கும் அமைந்தது. பிறன் துன்பத்தைக் கண்டு, இஃது அவன் வினை என்று கூறிக் கைகட்டி நிற்றற்கு அதனைக் கருவியாகக் கொள்வார், மருந்தை நஞ்சாகக் கொள்வாரேயாவர்.

இனி, பெற்றோரின் குற்றத்தை அளக்குமிடத்து மூன்றனை நோக்கல் வேண்டும்: அறிவு, உரிமை, துணை. கருவுற்றமையையே அறியாத வாரத்தில் நிகழ்ந்ததற்கு ஒருத்தியைக் கொடியவளெனல் நடுவன்று. போதைக்கு ஆட்பட்டார் விடவேண்டுமென்று எண்ணியும் விடமாட்டாது தவித்தல் உலகறிந்தது. அந்நிலையில் அவர் உரிமை குறைந்தவரேயாவர். வலிப்புநோய்க்கு வழங்கும் வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவுக்குத் தீங்கு செய்யவல்லது. ஆயினும், அதனைத் திடீரென நிறுத்தின் வலிப்பு மிக்குத் தாயும் கருவும் ஒருங்கே இடர்ப்படுதல் கூடும். மருத்துவரைக் கலந்து, கருவுறுமுன்னரே ஏற்ற மருந்துக்கு மாறுதலே அத்தகையார்க்கு வழி. எனவே, மருந்து உண்டாள் என்ற அளவிலேயே பழிகூறுதல் அறியாமையாம்.

இவ்வளவையும் நோக்காது தண்டிக்கப் புகுந்தவிடத்து விளைந்ததையும் காண்க. 1985இல் அமெரிக்க நாட்டு மருத்துவ இதழொன்றில், கொக்கேயின் உட்கொண்ட 23 பெண்டிரைப் பற்றிய சிறு கட்டுரை வெளியாயிற்று. அதன்பின், அத்தகையாரின் மக்கள் ஒரு தலைமுறையே பாழாயிற்று என்று செய்தித்தாள்கள் அலறின; அக்குழந்தைகளுக்கு இழிபெயரும் இடப்பட்டது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1989 முதல், பொது மருத்துவமனைக்கு வந்த கருவுற்ற பெண்டிரின் சிறுநீர் அவர்தம் இசைவின்றிச் சோதிக்கப்பட்டுக் காவலர்க்குத் தெரிவிக்கப்பட, சிலர் சிறைப்பட்டனர். இசைவின்றி அங்ஙனஞ் செய்தல் அரசியலமைப்புக்கு மாறானது என்று 2001இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது. அதே 2001இல், அதுவரை நிகழ்ந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய மருத்துவர்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடத்து, வறுமை, புகையிலை, மது முதலியவற்றின் கேட்டைக் கழித்துப் பார்க்குமிடத்து, கொக்கேயினுக்கே உரியதென்று கூறத்தக்க பெருங்கேடு ஒருசீராகக் காணப்படவில்லை என்று வெளியிட்டனர். கொக்கேயின் தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. அளவறியாது கூறிய பழி, நஞ்சைப்போலவே குழந்தைமேற் படியும் என்பதே இதனால் அறியப்படுவது. சிறைக்கு அஞ்சும் தாய் மருத்துவரிடம் வருதலையும் ஒழிவாள். அதனால் இழப்பது கருவே.

மூன்றாவதும் முதன்மையானதுமாகிய உண்மை, வந்த கேடு முழுதும் மாறாத விதியன்று என்பது. பிறந்த சின்னாளில் மதுசாரம் பெற்றமையால் நடை தடுமாறிய எலிகளுக்கு, இடையூறுகள் அமைந்த வழியிற் கடந்து செல்லும் பயிற்சியைப் பின்னாளில் அளித்தபோது, அவற்றின் நடைத்திறன் மேம்பட்டது. சிறுமூளையில் நரம்பணுக்களின் இணைப்புகளும் பெருகின. அன்னா கிளிந்த்சோவா முதலியோர் இதனை 1998 முதல் எழுதி வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டில் ஜெனிபர் தாமஸ் முதலியோர், கருவில் மதுசாரம் பெற்ற எலிக்குட்டிகளுக்குப் பிறந்தபின் கோலின் என்னும் உணவுச்சத்தை அளித்து, அவற்றின் கற்குந்திறன் சீர்ப்படுதலைக் கண்டனர். போதைப்பொருளைச் சாராத ஆராய்ச்சியாயினும் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார் 1999இல் காட்டியதும் இதற்குத் துணையாம். குட்டிகளை மிகுதியாக நக்கிப் பேணும் எலித்தாயரும் உளர். குறைவாகப் பேணுவாரும் உளர். குறைவாகப் பேணும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்கு பேணுந் தாயிடம் விட்டபோது, அது அச்சங் குறைந்து வளர்ந்தது. தான் தாயானபோது தன் குட்டிகளையும் அங்ஙனமே பேணியது. பெற்றவளின் குறை அங்கேயே நின்றது. வளர்த்தவளின் அன்பு அடுத்த தலைமுறைக்கும் சென்றது.

இவ்வுண்மை அறத்தின் நடுவிடத்தையே மாற்றுகின்றது. கேடு யாரால் வந்தது என்னும் வினா பின்னோக்குவது. கேடுற்ற குழந்தைக்கு இனிச் செய்யத்தக்கது யாது என்னும் வினா முன்னோக்குவது. முன்னைய வினாவுக்குப் பெற்றோர் மட்டும் விடைகூறுவர். பின்னைய வினாவுக்கு ஊரார், ஆசிரியர், மருத்துவர், அரசினர் ஆகிய அனைவரும் விடைகூறக் கடப்பாடுடையர். நுகர்வினைக்குப் பெற்றோர் வாயிலாதல் போலவே, நல்வினைப்பயன் வந்து சேர்தற்கும் எவரேனும் வாயிலாதல் வேண்டும். பயிற்சி பெற்ற எலிக்குப் பயிற்றியவர் அத்தகைய வாயிலாயினர். ஒரு குழந்தையின் வினையிற் குறைபாடு மட்டுமே எழுதப்பட்டுளது, அதனைத் தீர்ப்பார் கை எழுதப்படவில்லை என்று கூறுதற்கு எவர்க்கு உரிமையுண்டு?

இவ்வறிவு வந்த வழியைப் பற்றியும் ஒன்று கூறாதொழிதல் நேர்மையன்று. வாய்பேசா உயிர்களுக்கு வலிந்து நஞ்சூட்டிப் பெற்றது இவ்வறிவு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டார்க்கு இது நெஞ்சை உறுத்துவதேயாம். மேனாட்டினரும் இதனை உணராதிருந்தாரல்லர். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், இயன்றவிடத்து விலங்குக்கு மாறாக வேறு முறையைக் கைக்கொள்ளுதல், விலங்குகளின் தொகையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். பின்னர்ப் பல நாட்டினரும் அவற்றைத் தழுவினர். அந்நெறிகளால் அவ்வுறுத்தல் முழுதும் தீர்ந்ததென்று கூறல் இயலாது. ஆயினும், அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தினின்றும் வந்த அறிவைத் தாய்மாரைத் தூற்றுதற்கும் குழந்தைகளை ஒதுக்குதற்கும் பயன்படுத்துதல், அத்துன்பத்தின்மேல் மற்றொரு துன்பத்தை ஏற்றுதலாம்.

இதுகாறுங் கூறியவாற்றால், பெற்றோர் உட்கொண்ட நஞ்சின் தீங்கு பிள்ளைகளின் உடம்பைச் சாருதல் உண்மையென்பதும், அங்ஙனஞ் சார்வது பெற்றோரின் பாவமன்று, கருவியின் நிலையே என்பதும், பிள்ளையின் வினையைக் காட்டிப் பெற்றோர் தம் கடமையினின்றும் நழுவுதல் ஆகாதென்பதும், பெற்றோரின் குற்றத்தைக் காட்டிப் பிள்ளையை இழித்தல் அதனினும் ஆகாதென்பதும் பெறப்பட்டன. உடம்பை எடுக்க வரும் உயிர்க்கு இடங்கொடுப்பார், விருந்தினர்க்கு இல்லத்தைத் தூய்மை செய்வார்போல, வருமுன்னரே தம்முடம்பைக் காத்தல் வேண்டும். தாய் மட்டுமன்று, தந்தையும் காத்தல் வேண்டும் என்பதே கொறிக்கும் சிற்றுயிர்கள் உணர்த்தும் புதிய செய்தி. காவாதார் இல்லத்தில் விருந்து வந்துவிட்டதாயின், ஊரார் வாயிலில் நின்று இல்லத்தாரைத் தூற்றுதலால் விருந்தினர்க்குப் பசி தீராது. உள்ளே சென்று விளக்கேற்றுவாரே வேண்டப்படுவர்.